எச்.சி.வி. (ஹெப்பரைற்றிஸ் சி வைரஸ்) குளிசை: எட்டாம் கிழமையோடு நிற்பாட்டலாமா?

வவுனிக்குளம் | 11.02.2025, காலை

தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ. மாமாவுக்கு வயது 52, ஹெப்பரைற்றிஸ் சி. ஜனவரி 6 இல குளிசை தொடங்கினவர். சொபொஸ்புவிர் 400 மி.கி., வெல்பட்டாஸ்விர் 100 மி.கி. சேர்ந்த ஒரே குளிசை, நாளுக்கு ஒண்டு, 12 கிழமை. நாலாம் கிழமை பி.சி.ஆரில (இரத்தத்தில வைரஸ் இருக்கோ எண்டு பாக்கிற சோதனை) வைரஸ் இல்லையெண்டு வந்திட்டுது. ஆளும் நல்லாயிருக்கிறார். இப்ப நெல்லு வெட்டுத் தொடங்கீட்டுது, வெட்டுற மெசினோட ஒட்டுசுட்டான் பக்கம் போகப்போறார். எட்டுக் கிழமையோட நிற்பாட்டினா என்ன எண்டு கேக்கிறார். பக்கத்து வீட்டு ஐயா எண்டா, முந்தி ஒரு வருசம் ஊசி போட்டவை, 12 கிழமை காணவே காணாது எண்டுறார். ஆர் சொல்லுறது சரி?

பாலைப்பழம் | 11.02.2025, மதியம்

இரண்டு பேர் சொல்வதும் பிழை தங்கச்சி. 84 குளிசையும் முடியவேண்டும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

நாலாம் கிழமைப் பி.சி.ஆர். பார்ப்பது இரத்தத்தை. பெரும்பாலான ஆய்வுகூடக் கருவிகள் ஒரு மில்லிலீற்றரில் 15 அலகுக்குக் கீழே போனால் அளவு சொல்லமாட்டாது. வைரஸ் பெருகுவது ஈரல் கலத்துக்குள். இரத்தம் வெளுத்த பிறகும் அங்கே மிச்சம் இருக்கும், அந்த மிச்சத்தைத் துடைக்கத்தான் மற்ற எட்டுக் கிழமையும். இடையில் விட்டால் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் திரும்பி வரும்.

திரும்பி வருவது பழைய வைரஸ் மாதிரியும் இராது. வெல்பட்டாஸ்விருக்குத் தப்பிப் பிழைத்ததுதான் பெருகி வரும், அந்த எதிர்ப்பு வருடக்கணக்கில் நிற்கும். பிறகு அதே குளிசையை 12 கிழமை கொடுத்துப் பார்க்க முடியாது. வொக்சிலாப்ரெவிர் என்ற மூன்றாவது மருந்தும் சேர்ந்த குளிசை தேவைப்படும். அது இலேசில் கிடைக்கிற சாமானும் இல்லை, ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கட்டியவருக்குக் கொடுக்கக்கூடியதும் இல்லை. கையில் இருக்கிற 84 குளிசைதான் நல்ல வாய்ப்பு, அதைக் குறையாக விடவேண்டாம்.

பாலைப்பழம் | 11.02.2025, இரவு

பக்கத்து வீட்டு ஐயா ஒரு காலத்துக்குச் சரியாகத்தான் சொல்கிறார். இன்ரபெரோன் ஊசி கிழமைக்கு ஒன்று, ரிபாவிரின் குளிசை நாளுக்கு இரண்டு வேளை. வைரஸின் மரபணு வகை 1, 4 என்றால் 48 கிழமை, 2, 3 என்றால் 24 கிழமை. அந்தச் சிகிச்சையில் எவ்வளவு காலம் என்பது நடுவில்தான் முடிவாகும். 12 ஆம் கிழமையில் வைரஸ் அளவு நூறில் ஒன்றாக இறங்கவேண்டும். 20 இலட்சத்தில் தொடங்கியவர் 20,000 க்குக் கீழே வராவிட்டால் மருந்தை நிற்பாட்டிவிடுவார்கள், தொடர்ந்து பயனில்லை. இறங்கியும் முற்றாகப் போகாதவருக்கு 24 ஆம் கிழமையில் இன்னொரு முறை பார்ப்பார்கள், அப்போதும் இருந்தால் நிற்பாட்டல். பிந்தி வெளுத்தவருக்கு 72 கிழமை வரை நீட்டியதும் உண்டு.

சொபொஸ்புவிர் 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு இந்தக் கணக்கு தலைகீழாக மாறிவிட்டது. இப்போது காலம் முடிவாவது முதல் குளிசைக்கு முன்னர். என்ன மருந்து, ஈரல் என்ன நிலையில், முன்னர் மருந்து எடுத்தவரா, இந்த மூன்றையும் பார்த்து எழுதினால் எழுதினதுதான். நாலாம் கிழமை பி.சி.ஆர். நல்லாய் வந்தது என்று குறைப்பதும் இல்லை, கொஞ்சம் மிச்சம் காட்டியது என்று கூட்டுவதும் இல்லை. அந்தச் சோதனை அநேகமாக ஆள் குளிசையை ஒழுங்காக எடுக்கிறாரா என்று பார்க்கத்தான் உதவும். பல இடங்களில் இப்போது அதைச் செய்வதே இல்லை.

வவுனிக்குளம் | 12.02.2025

விளங்கீட்டுது அக்கா. ஈரல் நிலையைப் பாக்கிறது எண்டு சொன்னீங்கள். தொடங்க முதல் எடுத்த றிப்போட்டில ஏ.எஸ்.ரி. 64 (மேல் எல்லை 40), ஏ.எல்.ரி. 49, பிளேற்லெற் 120,000. ஸ்கானில பெரிசா ஒண்டும் எழுதேல்ல. இதில என்ன தெரியுது?

பாலைப்பழம் | 12.02.2025

தந்த எண்களே போதும். ஏ.எஸ்.ரி., ஏ.எல்.ரி. ஈரல் நொதிகள், பிளேற்லெற் இரத்தத் தட்டணு. இவற்றை வைத்து ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் இரண்டு கணக்கும் போட்டுப் பார்க்கலாம்.

ஏப்ரி: ஏ.எஸ்.ரி.யை மேல் எல்லையால் பிரித்து, 100 ஆல் பெருக்கி, பிளேற்லெற்றால் (ஆயிரத்தில்) பிரிக்க வேண்டும். 64 ÷ 40 = 1.6. அதை நூறால் பெருக்க 160. 160 ÷ 120 = 1.33. இரண்டுக்கு மேலே போனால்தான் சிரோசிஸ் (ஈரல் தழும்பாகி இறுகிய நிலை) என்று எடுப்பார்கள்.

பிப்-4: வயது × ஏ.எஸ்.ரி., அதைப் பிளேற்லெற் × ஏ.எல்.ரி.யின் வர்க்கமூலத்தால் பிரிப்பது. 52 × 64 = 3,328. ஏ.எல்.ரி. 49 இன் வர்க்கமூலம் 7, 120 × 7 = 840. விடை 3.96. இதில் 1.45 க்குக் கீழே என்றால் பயமில்லை, 3.25 க்கு மேலே என்றால் ஈரல் நன்றாக இறுகியிருக்கிறது என்று சந்தேகிக்கவேண்டும்.

ஒரே ஆள், ஒரே இரத்தம், ஏப்ரி நடுவில் நிற்கிறது, பிப்-4 மேலே போய்விட்டது. இப்படி வந்தால் மோசமானதை உண்மை என்று வைத்துக்கொண்டு மேலே பார்ப்பதுதான் பாதுகாப்பு. பைப்ரோஸ்கான் (ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கான்) செய்ய வசதி இருந்தால் செய்விக்கவேண்டும், அதில் 12.5 கிலோபஸ்கால் அளவுக்கு மேலே என்றால் சிரோசிஸ். சாதாரண ஸ்கானில் ஒன்றும் எழுதாதது ஆறுதல் இல்லை. ஆரம்ப சிரோசிஸ் அதில் தப்பிவிடும்.

மாமாவின் மருந்துக்கு இதனால் காலம் மாறாது. வெல்பட்டாஸ்விர் குளிசை, வயிற்றில் நீரோ மயக்கமோ இல்லாத சிரோசிஸ் உள்ளவருக்கும் 12 கிழமைதான். ஆனால் எட்டுக் கிழமையில் விடுவது இன்னும் ஆபத்து என்பது இப்போது தெரிகிறது.

ஓமந்தை | 13.02.2025

ஒரு விசயம் பாக்கோணும். அந்த றிப்போட் எப்ப எடுத்தது? மாரி மழைக்குப் பிறகு எடுத்ததெண்டா டெங்கு வந்து போன ஆளுக்கும் பிளேற்லெற் இறங்கி, ஏ.எஸ்.ரி. ஏறித்தான் இருக்கும். கணக்குப் பொய் சொல்லும்.

பாலைப்பழம் | 13.02.2025

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். டெங்கு இரண்டு எண்ணையும் பிழையான பக்கத்துக்குத் தள்ளும். பிளேற்லெற் கீழே, ஏ.எஸ்.ரி. மேலே, இரண்டுமே பிப்-4 ஐ ஏற்றும். காய்ச்சல் கண்ட பிறகு குறைந்தது ஒரு மாதமாவது விட்டு எடுத்த இரத்தத்தில்தான் இந்தக் கணக்கைப் போடவேண்டும். முதல் நாள் கசிப்பு (களவாகக் காய்ச்சும் சாராயம்) குடித்துவிட்டு வந்தவரின் ஏ.எஸ்.ரி.யும் அதே மாதிரித்தான். தங்கச்சி, திகதியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வவுனிக்குளம் | 13.02.2025

ஒக்ரோபர் எடுத்தது. அந்த வருசம் காய்ச்சல் ஒண்டும் வரேல்ல. குடி எப்பவாவது கள்ளு.

பாலைப்பழம் | 14.02.2025

அப்படியென்றால் 3.96 ஐ நம்பலாம்.

எந்த மருந்துக்கு எவ்வளவு காலம் என்று மற்றவர்களும் கேட்டதால் சேர்த்து எழுதுகிறேன். முதன்முறை மருந்து எடுக்கும் பெரியவர்களுக்கு:

சொபொஸ்புவிர்-வெல்பட்டாஸ்விர், சிரோசிஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 12 கிழமை. சொபொஸ்புவிர் 400 உடன் டக்லட்டாஸ்விர் 60, தனித்தனிக் குளிசை, சிரோசிஸ் இல்லை என்றால் 12, இருந்தால் 24 கிழமை. மாமா இந்தச் சோடியில் இருந்திருந்தால் மேலே போட்ட கணக்கு மருந்துக் காலத்தையே இரட்டிப்பாக்கியிருக்கும். அதனால்தான் தொடங்க முதல் ஈரலைப் பார் என்கிறார்கள். கிளெகாப்ரெவிர்-பிப்ரென்டாஸ்விர், மூன்று குளிசை ஒரே தடவையில் சாப்பாட்டோடு, சிரோசிஸ் இல்லாதவருக்கு 8 கிழமை. "எட்டுக் கிழமை போதும்" என்ற கதை அநேகமாக இதிலிருந்துதான் ஊருக்குள் வருகிறது. அந்த எட்டு அந்த மருந்துக்கு உரியது. லெடிபாஸ்விர்-சொபொஸ்புவிரிலும் 8 கிழமை உண்டு. அது வகை 1, சிரோசிஸ் இல்லை, வைரஸ் அளவு 60 இலட்சத்துக்குக் கீழே என்று பல நிபந்தனையோடு.

வயிற்றில் நீர், காமாலை, மந்தம் என்று ஈரல் கைவிட்ட நிலையில் உள்ளவருக்கு வெல்பட்டாஸ்விர் குளிசையோடு ரிபாவிரின் சேர்த்து 12 கிழமை, ரிபாவிரின் ஒத்துக்கொள்ளாவிட்டால் அது இல்லாமல் 24 கிழமை. கிளெகாப்ரெவிர், வொக்சிலாப்ரெவிர் போன்றவை இவர்களுக்குக் கூடவே கூடாது.

ரிபாவிரின் நிறைக்கு ஏற்ப, 75 கிலோவுக்குக் கீழே நாளுக்கு 1,000 மி.கி., அதற்கு மேலே 1,200, காலை மாலை பிரித்துச் சாப்பாட்டோடு. ஈரல் மிகவும் கெட்டவருக்கு 600 இல் தொடங்கி ஏற்றுவார்கள். இரத்தத்தைச் சிதைக்கும் மருந்து, ஹீமோகுளோபின் 10 க்குக் கீழே வந்தால் குறைப்பு, 8.5 க்குக் கீழே வந்தால் நிற்பாட்டல். கருவுக்குக் கேடு செய்யும், எடுப்பது ஆணாக இருந்தாலும் முடித்து ஆறு மாதம் வரை கரு தங்கக்கூடாது. பெண் என்றால் இன்னும் கூட.

பாலைப்பழம் | 15.02.2025

நேற்றைய குறிப்பில் மரபணு வகையைப் பெரிதாகச் சொல்லவில்லை, இப்போதைய குளிசைகள் எல்லா வகைக்கும் வேலை செய்வதால். ஆனால் இந்தியா, பாகிஸ்தான் பக்கம் அதிகம் உள்ள வகை 3 உம் சிரோசிஸும் ஒன்றாக வந்தால் அது கடினமான சோடி. சில வழிகாட்டல்கள் அப்படிப்பட்டவருக்கு வெல்பட்டாஸ்விரோடு ரிபாவிரினும் சேர்க்கச் சொல்கின்றன. மாமாவின் அட்டையில் வகை எழுதியிருக்கிறதா என்று பார்த்து, பிப்-4 கணக்கையும் காட்டி, கிளினிக்கில் கேளுங்கள். கேட்பது காலத்தை மாற்றவென்று இல்லை, ஈரலை அளந்து பார்க்கவென்று.

முழங்காவில் | 17.02.2025

எங்கட அப்பாவும் ஈரல் கிருமிக்கு வருசக்கணக்கா ஒரு குளிசை எடுக்கிறார், நிற்பாட்டக் கூடாதாம். இங்க 12 கிழமையோட முடியும் எண்டுறீங்கள்?

பாலைப்பழம் | 17.02.2025

அப்பாவுக்கு இருப்பது ஹெப்பரைற்றிஸ் பி ஆக இருக்கும், குளிசை ரெனோபோவிர் அல்லது என்ரெகாவிராக இருக்கும். அட்டையைப் பாருங்கள். பி வைரஸ் கலத்தின் கருவுக்குள் குடியிருந்து விடும், மருந்து அடக்கி வைக்கும், அழிக்காது. சி கருவுக்குள் போவதில்லை, அதனால் முற்றாக அழிக்கலாம். அப்பாவின் குளிசையை இந்த இழையைப் பார்த்து நிற்பாட்டிவிடாதீர்கள். திடீரென்று விட்டால் பி கொழுந்துவிட்டு எரியும்.

இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். சி க்கு மருந்து கொடுக்கும்போது அதுவரை அடங்கிக் கிடந்த பி எழும்பும், அதனால் ஈரல் கெட்டு இறந்தவர்களும் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் 2016 இல் இந்த மருந்துகளின் பெட்டியிலேயே எச்சரிக்கை போடவைத்தார்கள். சி குளிசை தொடங்க முதல் பி சோதனை செய்யாதவர் இப்போதாவது செய்விக்கவேண்டும். இருந்தால் பி மருந்தும் சேர்ந்து தொடங்கி, சி முடிந்து 12 கிழமை வரையாவது போகவேண்டும்.

பாலைப்பழம் | 20.02.2025

குளிசை இடையில் அறுவது அநேகமாக ஆள் மறந்து இல்லை, கலண்டரால்.

ஒரு போத்தலில் 28 குளிசை. மாதத்துக்கு மாதம் ஒரே திகதியில் கிளினிக் என்று வைத்தால் நடுவில் 30 அல்லது 31 நாள், போத்தல் இரண்டு மூன்று நாள் முந்தி முடிந்துவிடும். கிழமை நாளில் கிளினிக் என்றால் நாலு கிழமைக்குச் சரியாக வரும், ஆனால் அந்த நாள் போயாவில் (பௌர்ணமி விடுமுறை) விழுந்தால் அடுத்த கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள், ஏழு குளிசை குறையும். வெள்ளத்தில் வீதி மூடினால் இன்னும். ஆகவே மருந்து எடுக்கும் யன்னலிலேயே போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கலண்டரைப் பார்க்கவேண்டும்: கடைசிக் குளிசை எந்தத் திகதி, அடுத்த கிளினிக் எந்தத் திகதி. இடைவெளி தெரிந்தால் அங்கேயே சொல்லி மேலதிகமாகக் கேட்கவேண்டும். மாங்குளம் தாண்டி வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தால் பிறகு ஒரு நாள் கூலி போகும்.

மாமா 6 ஆம் திகதி தொடங்கியவர், ஒன்றும் விடாமல் எடுத்தால் கடைசிக் குளிசை மார்ச் 30. வீட்டுக் கலண்டரில் ஒவ்வொரு நாளும் வெட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

வவுனிக்குளம் | 02.03.2025

அக்கா, பயந்ததுதான் நடந்தது. மெசினோட போகேக்க போத்தலை வீட்டில விட்டிட்டுப் போயிட்டார். மூண்டு நாள் எடுக்கேல்ல. இண்டைக்குத் தம்பி கொண்டுபோய்க் குடுத்திட்டான். மூண்டையும் சேத்துப் போடுறதோ?

பாலைப்பழம் | 02.03.2025

சேர்த்துப் போடவேண்டாம். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. விட்ட மூன்றும் கடைசியில் போகும், ஆகவே முடிவு மார்ச் 30 இல்லை, ஏப்ரல் 2. கிளினிக்கிலும் சொல்லுங்கள், மறைக்கவேண்டாம்.

மற்றவர்களுக்காகவும்: ஒரு குளிசை பிந்தினால், வழக்கமான நேரத்திலிருந்து 18 மணித்தியாலத்துக்குள் என்றால் உடனே எடுக்கலாம், அதற்கு மேல் என்றால் அடுத்த நேரத்துக்கு விடவேண்டியதுதான். குளிசை போட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் இன்னொன்று போடவேண்டும்.

தொடர்ந்து ஏழு நாள் வரை விட்டவர் உடனே திரும்பத் தொடங்கி மிச்சத்தை முடிக்கலாம். முதல் 28 நாளைத் தாண்டியவர் 8 முதல் 20 நாள் வரை விட்டால், தொடங்கிவிட்டு உடனே பி.சி.ஆர். செய்யவேண்டும். வைரஸ் இல்லை என்றால் மிச்சத்தை முடிப்பது, வகை 3 அல்லது சிரோசிஸ் என்றால் 4 கிழமை கூட்டுவதை யோசிப்பார்கள். வைரஸ் காட்டினால் அந்த மருந்தை நிற்பாட்டி மறுசிகிச்சை. 21 நாளோ கூடவோ விட்டவருக்கு மருந்தை நிற்பாட்டி, வைரஸ் திரும்பியதா என்று காத்திருந்து பார்ப்பது. காலத்தை நீட்டுவது பற்றிப் பேச இடமிருப்பது இந்த இடைவெளிகளில்தான்.

பாலைப்பழம் | 05.03.2025

காஸ்ரிக் குளிசை. ஊரில் பாதிப்பேர் காலையில் வெறும் வயிற்றில் ஒமெப்ரசோல் போடுகிறார்கள், பிறகு சாப்பாட்டோடு மற்றக் குளிசைகள். வெல்பட்டாஸ்விர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கிவிட்டு அதைப் போட்டால் உடம்பில் சேருவது குறையும், 84 குளிசையும் எடுத்தும் குறையாக எடுத்தது போல் ஆகும். முடிந்தால் ஒமெப்ரசோலை அந்த 12 கிழமையும் விடுவது நல்லது. விட முடியாதவர் வெல்பட்டாஸ்விரைக் காலைச் சாப்பாட்டோடு எட்டு மணிக்கு எடுத்து, நாலு மணித்தியாலம் கழித்து மதியம் ஒமெப்ரசோல் 20 மி.கி., அதற்கு மேல் வேண்டாம். நெஞ்செரிவுப் பாணி மருந்துக்கும் நாலு மணித்தியால இடைவெளி.

இன்னும் கடுமையானவை: காசநோய்க்கான ரிபம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், பெனிற்றோயின். இவை இருந்தால் இந்தக் குளிசை வேலை செய்யாது. காசநோய் மருந்தை முதலில் முடித்துவிட்டுத் தொடங்குவதே வழி. இருதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவர் கட்டாயம் சொல்லவேண்டும், சொபொஸ்புவிரோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

பாலைப்பழம் | 09.03.2025

வெயில் ஏறுகிறது. குளிசையை 30 பாகைக்குக் கீழே, அது வந்த போத்தலிலேயே வைக்கவேண்டும். தகரக் கூரைக்குக் கீழே பரணிலோ, மோட்டார் சைக்கிள் சீற்றுக்குள்ளோ வைக்கவேண்டாம். கடதாசியில் சுற்றிக் கொண்டுபோவதும் வேண்டாம், ஈரம் உறிஞ்சும் பை போத்தலுக்குள்தான் இருக்கிறது.

நெடுங்கேணி | 22.03.2025

டயலிசிஸ் செய்யிறவைக்கு இது குடுக்கலாமோ? கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடிச்சா காலத்தைக் குறைக்கலாம் எண்டும் ஒருத்தர் சொன்னார்.

பாலைப்பழம் | 22.03.2025

டயலிசிஸ் செய்பவருக்கும் அதே குளிசை, அதே அளவு, அதே 12 கிழமை. முன்னர் சொபொஸ்புவிரைச் சிறுநீரகக்காரருக்குத் தவிர்த்தார்கள், 2019 இல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளர் அதிகம் என்பதால் இது முக்கியம். டயலிசிஸில் இருப்பவருக்கு ஒருமுறை குணமாகியும் திரும்பத் தொற்றலாம், அதனால் பி.சி.ஆர். தொடர்ந்து பார்க்கவேண்டும்.

கீழ்க்காய்நெல்லியால் சி வைரஸ் போனதற்குச் சான்று இல்லை. ஒரு நாளைக் கூட அதற்காகக் குறைக்கக்கூடாது. ஏ.எல்.ரி. இறங்குவதைக் காட்டி "குணம்" என்பார்கள். ஏ.எல்.ரி. சாதாரணமாக இருந்தபடியே வைரஸ் ஓடிக்கொண்டிருப்பது சி யில் வழக்கம்.

வவுனிக்குளம் | 03.04.2025

நேற்றோட முடிஞ்சுது. எல்லாம் 84. கடைசி நாள் இரத்தம் எடுத்ததில "கண்டறியப்பட்டது, அளவிட முடியாதளவு குறைவு" எண்டு எழுதியிருக்கு. தலை சுத்துது.

பாலைப்பழம் | 03.04.2025

பயப்படவேண்டாம், இதற்காக இன்னொரு மாதம் குளிசை கேட்கவும் வேண்டாம். முடிவில் இப்படிக் காட்டிய பலருக்குப் பிறகு முற்றாகப் போயிருக்கிறது. செத்த வைரஸின் துண்டுகளையும் அந்தக் கருவி பிடிக்கும்.

தீர்ப்புச் சொல்லும் சோதனை முடிந்து 12 கிழமையில், ஏப்ரல் 2 இலிருந்து 84 நாள், ஜூன் 25. அதற்குப் பிந்திச் செய்யலாம், முந்திச் செய்தால் நம்ப முடியாது. துண்டில் "எச்.சி.வி. ஆர்.என்.ஏ." என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "எச்.சி.வி. அன்ரிபொடி" என்று எழுதியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். அது வைரஸைத் தேடாது, வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கியதைத் தேடும், குணமானவருக்கும் பொசிற்றிவ்தான் வரும், வீண் பயமும் வீண் பணமும்.

வவுனிக்குளம் | 04.07.2025

ஆர்.என்.ஏ. இல்லையெண்டு வந்திட்டுது அக்கா! ஜூன் 27 எடுத்தது. பைப்ரோஸ்கான் 14.1 எண்டு வந்ததாலதான் யோசினை.

பாலைப்பழம் | 04.07.2025

நல்ல செய்தி, மாமாவுக்கும் உங்களுக்கும் சந்தோசம். வைரஸுக்கான மருந்து இத்தோடு முடிந்தது, இனி ஒரு குளிசையும் வேண்டாம்.

14.1 என்பது சிரோசிஸ். வைரஸ் போனாலும் ஈரல் புற்றுநோய் வரும் அபாயம் குறையுமே தவிர இல்லாமல் போகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான், நல்லாய் இருந்தாலும் விடக்கூடாது. வயல் வேலை, வெட்டு, விதைப்பு எல்லாவற்றுக்கும் முந்தி அந்தத் திகதியை வைக்கவேண்டும். பிளேற்லெற் 120,000 ஆக இருப்பதால் உணவுக்குழாயில் நாளம் புடைத்திருக்கிறதா என்று கமரா விட்டுப் பார்க்கவேண்டுமா என்றும் கேளுங்கள். கள்ளு முற்றாக வேண்டாம், எப்பவாவது என்பதும் வேண்டாம். பி இல்லாவிட்டால் பி தடுப்பூசி போடுவிக்கலாம். சி க்குத் தடுப்பூசி இல்லை, ஒருமுறை வந்தது திரும்ப வராமல் காக்கவும் மாட்டாது, சவர அலகு, ஊசி எதையும் பகிரக்கூடாது.

ஜூன் 27 ஆர்.என்.ஏ. றிப்போட்டைப் போட்டோப் பிரதி எடுத்துக் கிளினிக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு முன் இரத்தம் சோதித்தாலும் அன்ரிபொடி பொசிற்றிவ் என்றுதான் வரும், அப்போது காட்டுவதற்கு அந்தத் தாள் வேண்டும்.